அம்மாவுக்குப் பூ வைக்க

1

நான் வேலை பார்க்கும் இடத்தில் பூவுக்குப் பஞ்சமே கிடையாது. நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே, தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்று தோன்றும் அளவுக்குப் பெரிய கிடங்கு. கென்யாவிலிருந்து ரோஜா வரும். கொலம்பியாவிலிருந்து கார்னேஷன் வரும். விடியுமுன்னே வாளி வாளியாகத் தள்ளுவண்டிகளில் எங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு கட்டை எடுத்து, தண்டைத் திருப்பி, இலைக்கு அடியில் பூஞ்சை இருக்கிறதா, மொட்டு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. பி.காம். படித்துவிட்டு அங்கே போய்ப் பூப் பொறுக்குகிறாளா என்று ஊரில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கட்டும். எனக்குக் குளிர் ஒன்றுதான் வருத்தம். பூ வாடக் கூடாது என்பதற்காக எங்களைப் போட்டு வாட்டுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெயர் அட்டையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா என்பது ஒரு பூவின் பெயராம். வசந்த காலத்தில் நீலமாகப் பூக்கும் ஹியாசிந்த்தான் அது. எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் மட்டும் என்னோடு சேர்த்து மூன்று ஜெசிந்தாக்கள் இருந்தோம், ஒருத்தியும் பூ என்று நினைத்து வளரவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் மரைக்கே. ஊரில் சொன்னால் காயல்பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பெண் என்றுதான் நினைப்பார்கள். ஆறடி உயரம், செம்பட்டை முடி, அதிகம் பேசமாட்டாள். போன செப்டம்பரில் ஒருநாள் காலை இடைவேளையில் காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போக நான் விடுப்புக் கேட்டிருந்தேன். அம்மா இறந்தபின் வரும் முதல் கல்லறைத் திருநாள். விடுப்புக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, "உன் அம்மாவுக்குப் பிடித்த பூ எது? நீ கிளம்பும் முன் அதில் ஒரு கட்டு நாங்கள் இங்கே சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம்" என்றாள்.

அவர்கள் ஊரில் இது சாதாரணக் கேள்வி. யாருக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று பேரப்பிள்ளைகள் வரைக்கும் தெரிந்திருக்கும். நாள் முழுக்கப் பூவோடு புழங்குகிறவள் நான். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

உங்களுக்குப் புரியும். நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அவள் தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். என் அம்மா தலையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக எந்தப் பூவும் இருந்ததில்லை.

2

அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற பெரிய மரக்கலத்தை எங்கள் ஊரில் தோணி என்போம், அதன் தலைவர் தண்டல். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா இறந்தார். கடலில் இல்லை. இரண்டு பயணங்களுக்கு நடுவே, வீட்டில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எத்தனையோ புயலுக்குத் தப்பியவர் வீட்டு முற்றத்தில் போய்விட்டாரே என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

பெட்டியை மூடும் முன் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவை அழைத்து வந்து அப்பாவின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். அப்பாவின் தங்கை, என் பிலோமி அத்தை, அம்மாவின் தலையில் இருந்த பூவை எடுத்தாள். கொஞ்சம் முடியோடு சேர்ந்து வந்தது. அதை அப்பாவின் கைக்குப் பக்கத்தில், ஜெபமாலைக்கு அருகே வைத்தாள். எல்லோருக்கும் தெரிந்த முறைதான் அது. நான் மட்டும் அந்தப் பூவை எப்போது திருப்பித் தருவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதுவரை அம்மா என்றால் எனக்குப் பிச்சிப்பூ மணம். சென்னைக்காரர்கள் இதை ஜாதிமல்லி என்பார்கள். எங்கள் பக்கத்தில் பிச்சிதான். மொட்டின் முதுகில் லேசாக ரோஸ் நிறம் ஓடியிருக்கும். ராத்திரி வைத்த பூ காலையில் தலையணையில் உதிர்ந்து கிடக்கும், நான் அதன்மேல் முகத்தை வைத்துத் தூங்குவேன். அப்பா போனபின் அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலையில் போய்ப் பொழுது சாயும்வரை இறால் உரிப்பாள். தலையில் பிச்சி மணந்த அம்மா போய், கையில் இறால் மணக்கும் அம்மா வந்தாள். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், போகாது. அந்தக் கையால்தான் என்னைப் படிக்கவைத்தாள். எனக்கு அந்த மணமும் பிடித்துப்போனது.

மற்றவர்களுக்குப் பூக் கொடுப்பதில் அம்மா குறை வைத்ததில்லை. மாதா சுரூபத்துக்கு வாரம் தவறாமல் பூ. எனக்குப் பள்ளிக்கூடம் போகும்போது இரட்டைச் சடைக்கு நடுவே பூ. என் கல்யாணத்தில், பந்திக்கு வந்த பெண்களுக்கெல்லாம் தட்டில் பூ வைத்து நீட்டியவளும் அவளே. ஒரு துண்டைக் கிள்ளித் தன் தலையில் செருகியதில்லை.

3

என் மகள் மிரியம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மா நெதர்லாந்துக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். மிரியம் அவளை ஓமா என்று கூப்பிட்டாள். இங்கே பாட்டிக்கு அதுதான் பெயர். "என்னத்தையோ கூப்பிடட்டும், கூப்பிடுதால்லா" என்று அம்மா சமாதானம் செய்துகொண்டாள்.

கிடங்கில் கழித்துப்போட்ட பூக்களை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஓர் இதழ் கறுத்திருந்தால்கூட விலைபோகாது, நமக்கு அது நல்ல பூதான். அம்மா வந்ததிலிருந்து தினமும் கை கொள்ளாமல் கொண்டுபோனேன். பிளாஸ்க், ஜாடி, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றிலும் வைத்து வீட்டைக் கோயிலாக்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டார்.

ஒருநாள் தொட்டியில் வைத்த ஒரு கொடி கழிவில் வந்தது. தொட்டி உடைந்ததால் கழித்திருந்தார்கள். மொட்டின் முதுகில் ரோஸ் நிறம். பிச்சிதானா, அதன் ஒன்றுவிட்ட அக்காவா என்று எனக்குத் தெரியாது. மணம் அதேதான். அம்மா கதவைத் திறந்ததும் அப்படியே நின்றாள். தொட்டியை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு நேரம் அவள் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆசை வந்துவிட்டது. நாலைந்து பூவைப் பறித்து நூலில் கட்டினேன். "இங்கன யாரும் பாக்கமாட்டாவம்மா. ஒருநாள் வச்சுக்கோயேன்" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. "ஆளுவ பாக்காவன்னா நான் பூ வைக்காம இருக்கேன்?" என்று கேட்டாள். பிறகு தொட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஊர் வாய்க்குப் பயந்துதான் வைக்கவில்லை என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அது இல்லை என்கிறாள். வேறு என்ன என்று சொல்லவும் இல்லை. அந்தக் கொடியை அவள் ஊருக்குக் கிளம்பும்வரை பிள்ளையைப் போலப் பார்த்தாள். அவள் போன பிறகு டிசம்பர் குளிரில் அது பட்டுப்போனது.

4

மிரியத்துக்கு இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் பேசினால் டச்சில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் இலக்கணச் சுத்தமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அதனால் அபூர்வமாக அவள் தமிழ் பேசும்போது பாடப்புத்தகம் எழுந்து பேசுவது போல இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு நீயும் வருகிறாய் என்றதும், ஆன்லைனில் பணம் கட்டினால் அங்கே யாராவது பூ வைத்துப் படம் அனுப்பமாட்டார்களா என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

இங்கே பிள்ளையைப் பள்ளி நாளில் ஊருக்குக் கூட்டிப்போவது அவ்வளவு சுலபமில்லை. விடுமுறையைத் தாண்டி ஒருநாள் நின்றாலும் தக்க காரணம் காட்டித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இலையுதிர்கால விடுமுறையோ அக்டோபரிலேயே முடிந்துவிடுகிறது. நானே டச்சில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். "அம்மாவுக்குப் பூ வைக்கப் போகிறோம்" என்பதை மனத்துக்குள் தமிழில் நினைத்து, அப்படியே, "என் அம்மாவுக்குப் பூக்கள் கொடுக்க இந்தியா போகிறோம்" என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியர் போனில் அழைத்தார். "உங்கள் அம்மாவுக்காக உங்களுக்கு வாழ்த்துகள்! எத்தனை வயது நிறைகிறது?" என்றார்.

இந்த ஊரில் பிறந்தநாள் என்றால் பூக் கொடுப்பார்கள், பிறந்தநாள்காரரின் வீட்டாருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்வார்கள். நான் பதறி, அம்மா இறந்துவிட்டார், கல்லறைக்கு என்றேன். பாவம், மனிதர் ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சங்கடத்திலேயே விடுப்பும் கொடுத்துவிட்டார். டச்சு சரியாக எழுதியிருந்தால் கிடைத்திருக்காது.

அதே வாக்கியம் ஊரிலும் என்னை மாட்டிவிட்டது. பிலோமி அத்தையைப் போனில் அழைத்தேன்.

"அத்தை, கல்லறைத் திருநாளுக்கு நானும் மிரியமும் வாறோம். அம்மாவுக்குப் பூ வைக்கணும்."

"உங்கம்மைக்கா? அவ எங்களா பூ வச்சா?"

"தலையில இல்லத்தை. கல்லறையில."

"அதச் சொல்லு. நான் ஒரு நிமிசம் பதறிப்போயிட்டேன்."

சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று, "பிச்சி வைக்கலாம்னு நெனைக்கேன்" என்றேன்.

"பிச்சியெல்லாம் வேண்டாம்ளா. சம்பங்கியும் கேந்தியும் போதும். தாலி அறுத்தவ கல்லறையில பிச்சியக் கொண்டு வச்சா பாக்கவ என்ன சொல்லுவா?"

"செத்த பொறவுமா அத்தை?"

"செத்தா மட்டும் எல்லாம் மாறிருமோ? சவத்த விடுளா, பூவுக்குப் போயா சண்ட. நீ மொதல்ல நல்லபடியா வந்து சேரு."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மிரியத்தின் முகம் வெளிறிவிட்டது. "அம்மா, சவத்தை எங்கே விடச் சொல்கிறார்கள்?" என்று சுத்தத் தமிழில் கேட்டாள். எங்கள் ஊரில் பேனா எழுதாவிட்டாலும் அது சவம்தான், பஸ் வராவிட்டாலும் அது சவம்தான் என்று விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்தான். நான் விமானம் பிடித்து வந்து சேரும்வரை அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து நகராதவளும் அவள்தான். ஆனால் அறுபத்தைந்து தாண்டியும் அத்தையின் கொண்டையில் தினமும் ஒரு துண்டு பூ இருக்கும். மாமா இருக்கிறார், காலையில் கடைக்குப் போய் பேப்பரோடு பூவும் வாங்கி வருவார். அந்தப் பூவோடு அவள் என் அம்மாவுக்குப் பிச்சி வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

இருந்தாலும், அத்தையின் குரலை ஒதுக்கிவிடலாம், அம்மாவின் குரலை எப்படி ஒதுக்குவது? இத்தனை வருஷம் அவளே வேண்டாம் என்று இருந்ததை, அவள் தடுக்க முடியாத நேரத்தில் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைக்கலாமா? அல்லது அவளுக்கு வேண்டித்தான் இருந்ததோ? அந்தக் கொடியை முகத்தோடு வைத்துக்கொண்டு நின்றாளே. விமானத்தில் வரும் வழியெல்லாம் இதே எண்ணம்தான்.

கிளம்பும் முன்னே மரைக்கேயிடம் வெள்ளைச் செவ்வந்தி என்று சொல்லிவைத்திருந்தேன். அவளும் அழகாகக் கட்டி மேசையில் வைத்திருந்தாள்.

5

நவம்பர் இரண்டு. முந்தின நாள் பெய்த மழையில் பூ மார்க்கெட் சகதியாகக் கிடந்தது. கூட்டம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் பூ வாங்குவார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கேந்தி, வெளியூர்க்காரர்கள் சொல்லும் செண்டுமல்லி, மலைபோலக் குவிந்திருந்தது. பக்கத்தில் கோழிக்கொண்டை, சம்பங்கி, மருக்கொழுந்து. மிரியம் காதில் செருகியிருந்த இயர்போனை எடுத்துப் பையில் போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இதுவரை அவள் என் வேலையை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. "இது உன் கிடங்கை விடச் சத்தமாக இருக்கிறது" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஒரு கடையில் சம்பங்கிக் கட்டை எடுத்து, பழக்கத்தில் தண்டைத் திருப்பி, மொட்டை அழுத்திப் பார்த்தேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"என்னக்கா, மீனு வாங்க மாதிரி செவுளத் தூக்கிப் பாக்கீய? எல்லாம் இன்னைக்கு எறங்குன பூவுதான்."

"கல்லறைக்கு அண்ணாச்சி."

"யாருக்கு?"

"எங்கம்மைக்கு."

"அப்பா இருக்காவளா?"

"இல்ல. முன்னாலயே போயிட்டாவ."

"அப்பம் வெள்ளையிலயே குருசு கெட்டித் தாரேன். சம்பங்கிய வச்சு, நடுவுல ஒத்த ரோசாப்பூ. பாக்க நல்லாருக்கும்."

அவர் பெயரே எனக்குத் தெரியாது, என் அம்மாவை அவர் பார்த்ததும் இல்லை. அவருக்குக்கூட என்ன பூ என்பதில் சந்தேகம் இல்லை. சரி, கட்டுங்கள் என்றேன். கேந்தி ஒரு பை வாங்கினேன். கிளம்பும்போது அடுத்த கடை வாசலில் பிச்சி இருந்தது, ஈரத் துணிக்கு அடியில் சுருட்டிச் சுருட்டி. மிரியம் குனிந்து முகர்ந்தாள். அவளுக்கு அந்தக் கொடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஓமாவின் ஜன்னல்" என்றாள் டச்சில்.

நான் யோசிக்கவில்லை. இரண்டு முழம் வாங்கி, வாழையிலையில் பொதிந்து, மெழுகுதிரிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். வைப்பதா வேண்டாமா என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6

கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போனபோது சாயங்காலம். வானம் வெளுத்திருந்தது, காற்று மட்டும் ஈரம். போன வாரம் பூசிய சுண்ணாம்பு மணம் இன்னும் அடித்தது. குடும்பம் குடும்பமாகத் தங்கள் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பங்குச்சாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

எங்கள் கல்லறைக்கு முன்னால் அத்தை காத்துக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்து, மணல் பரப்பி வைத்திருந்தாள். எங்கள் கல்லறை என்றால் ஒன்றுதான். இடம் இல்லாத ஊரில் ஆளுக்கொரு குழி என்பது நடக்காது. அம்மாவை அடக்கம் செய்யும்போது அப்பாவின் கல்லறையைத் திறந்தார்கள். அவருடைய எலும்புகளைப் புதுத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அதே குழியில் அம்மாவை இறக்கினார்கள். குருசுக்கு அடியில் உள்ள கல்லில் அப்பாவின் பெயர் வெயிலில் மங்கியிருந்தது. அதற்குக் கீழே அம்மாவின் பெயர் புதுக் கறுப்பில் பளிச்சென்று இருந்தது.

சம்பங்கிக் குருசை நடுவில் வைத்தேன். மிரியமும் அத்தையும் கேந்தியை உதிர்த்துத் தூவினார்கள். மெழுகுதிரியை எடுக்கப் பையைத் திறந்ததுதான் தாமதம், அத்தை நிமிர்ந்தாள்.

"ஏளா ஜெசிந்தா, பையில என்ன மணக்கு?"

"பூ அத்தை."

"என்ன பூ?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மகள் முந்திக்கொண்டாள். "அது பிச்சிப்பூ. அம்மா அதை மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று, வருஷமெல்லாம் சனிக்கிழமை வகுப்புக்குப் போனதற்கு அடையாளமாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதனால் இன்னும் காரமாக வந்தது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? அவளே இத்தன வருசம் வைக்கல. நீ வெளிநாட்டுல இருந்து வந்து வச்சுருவியோ? இது எங்கண்ணன் கல்லறைளா. இங்கன எது வைக்கணும், எது வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

எங்கண்ணன் கல்லறை. அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. அம்மா இங்கேயும் அண்டி இருக்க வந்தவள்தானா? உயிரோடு இருந்தபோது நாத்தனார் கண் பார்த்து நடந்தவள், செத்தும் நடக்க வேண்டுமா? அழுகையை அடக்கினால் எனக்கு எப்போதுமே வாய் நீண்டுவிடும்.

"ஆமா அத்தை. உங்கண்ணன் கல்லறைதான். நான் வைக்கல. உங்கண்ணன் வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும். மாப்பிள்ள தன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக் குடுத்தா யாரு என்ன சொல்லுவா?"

ஜெயிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்தபின் எனக்கே அது கேட்டது. அம்மா அன்று கதவோரம் தொட்டியோடு நின்றதும், கண்ணை மூடியதும், ஆளுவ பாக்காவன்னா என்று கேட்டதும் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. அவள் பூவைத் துறந்தவள் இல்லை. வேறு யார் கையிலிருந்தும் வாங்க மனமில்லாதவள்.

அத்தை திருப்பிப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே இருந்த பெயரையும் கீழே இருந்த பெயரையும் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, என் பையில் கைவிட்டு, வாழையிலைப் பொதியை எடுத்துப் பிரித்தாள். சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டி அளந்து பார்த்தாள்.

"தோணி கரையப் பிடிச்சா, வீட்டுக்கு வருமுன்ன அவன் பூக்கடைக்குத்தான் போவான்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "சாரத்து மடியில சுருட்டி வச்சு ஒளிச்சுக் கொண்டாருவான். எங்களுக்குத் தெரியக் கூடாதாம். தெருவே மணக்கும், எங்களுக்குத் தெரியாதாக்கும்? நான் அப்பம் கெட்டிக்குடுக்காத கொமரு, வீட்டுலதான் இருக்கேன். எனக்கு ஒரு துண்டு கிள்ளித் தந்துருப்பானா? கேளு உங்கப்பன்ட்ட. அத்தனையும் அவளுக்குத்தான். அவ தலைய நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

கண்ணைத் துடைத்தாள். அந்தப் பூவைத் தன் கையாலேயே அம்மாவின் பெயருக்கு மேல், அப்பாவின் பெயருக்குக் கீழே, கல்லோடு சேர்த்துச் சுற்றினாள். ஒரு சுற்றுக்குமேல் வரவில்லை. அத்தை நுனியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழைய அதட்டல் குரல் வந்துவிட்டது.

"எங்கண்ணன் வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லுதா பாரு. ரெண்டு மொழத்தையா குடுப்பான் அவன்? அவன என்னன்னு நெனச்ச? போளா. போயி ஒரு பந்தா வாங்கிட்டு வா. சாமியாரு இங்கன வாரதுக்குள்ள வா."

மிரியத்துக்கு அத்தையின் தமிழில் பாதிகூடப் புரியவில்லை. நான் ஏன் அழுதுகொண்டே சிரிக்கிறேன் என்று கேட்டாள்.

"தாத்தா ஓமாவுக்குப் பூ வாங்கி வரச் சொல்றார்" என்று சொல்லிவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன்.